மார்த்தா கில்பி இறந்த ஆண்டு

ரான்ஸ்பி,
ஆல்டர்விக் அருகில்
4 ஜனவரி 1987

மதிப்பிற்குரிய திரு. வாட்லோ அவர்களுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடுவீர்களோ என்று பயந்து, உறையின் மேல் விலாசத்தைத் தபால் நிலையப் பெண்ணைக்கொண்டு எழுதவைத்தேன். மன்னிக்கவும்.

ஆல்டர்விக்கில் சந்தை கூட்ட அரச அனுமதி கிடைத்து இந்த ஆண்டோடு எழுநூறு ஆண்டுகள். வரலாற்றுச் சங்கம், ஊரையும் சுற்றியுள்ள ஒன்பது கிராமங்களையும் பற்றி ஒரு புத்தகம் கொண்டுவருகிறது. எங்கள் ரான்ஸ்பி அத்தியாயத்தில், 1979 ஆண்டிதழில் நீங்கள் எழுதிய 'ஒரு பொய் உயில்' கட்டுரையைச் சேர்க்கச் சங்கம் உங்கள் அனுமதியைக் கோருகிறது. சேர்ப்பதற்கு முன் நீங்கள் ஒருமுறை பார்த்துத் திருத்த விரும்பினால் அதற்கும் அவகாசம் உண்டு.

இன்னொரு விஷயம். ரொட்டி வயலை விற்றுவிடலாம் என்று ஐந்து அறங்காவலர்களில் மூன்று பேர் சொல்கிறார்கள். பங்களா வீடுகள் கட்டப் போகிறார்களாம். பிப்ரவரி 27 அன்று ஊர்க்கூட்டத்தில் வாக்கெடுப்பு. வயல் போனால், அதன் வருமானத்தில் மார்ச் 25 அன்று தேவாலய வாசலில் ரான்ஸ்பி விதவைகளுக்கு ஆளுக்கு ஒரு ரொட்டி கொடுக்கும் வழக்கமும் போய்விடும். யாராவது எதிர்த்து வாயைத் திறந்தால் உங்கள் கட்டுரையைத்தான் தூக்கிக் காட்டுகிறார்கள். "அந்தம்மா உயிலே திருட்டு உயிலு. வாட்லோ எழுதி வச்சுட்டுப் போயிட்டாரு. இன்னும் என்ன ரொட்டி?" இது நேற்று இறைச்சிக் கடையில் காதில் விழுந்தது.

உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

இப்படிக்கு,
எனிட் ஸ்கெல்டன்
செயலாளர்

•

மோர்கம்
9 ஜனவரி 1987

திருமதி ஸ்கெல்டன்,

அனுமதி இல்லை.

காரணம் கேட்கமாட்டீர்கள், தெரியும். ஆனாலும் சொல்கிறேன், ஏழு வருடமாக என்னிடம் காரணம் கேட்க ஆள் இல்லை. அந்தக் கட்டுரை வெளிவந்த ஆறாவது வாரம் உங்கள் குழு கூடி என்னை ஆண்டிதழின் ஆசிரியர் பொறுப்பிலிருந்து நீக்கியது. ஒன்பது பேரில் ஏழு பேர் கை தூக்கினீர்கள். உங்கள் கையும் உங்கள் கணவர் கையும் அதில் சேர்த்தி. வால்டர் கை தூக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். நீங்கள் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தீர்கள். என் தேநீர்க் கோப்பை இன்னும் அந்த மண்டபத்து அலமாரியில்தான் இருக்கும். நீல விளிம்பு போட்டது.

அன்று பொய்யன் என்று துரத்திவிட்டு, இன்று எழுநூறாம் ஆண்டு விழாவுக்கு அதே பொய்யை அச்சுப் போட வேண்டுமா?

நான் எழுதியதில் எது தவறு? மார்த்தா கில்பி என்ற விதவை தன் வயலை ஏழை விதவைகளின் ரொட்டிக்காக எழுதிவைத்ததாகச் சொல்லப்படும் உயிலின் தேதி 1698 நவம்பர் 14. அவளை அடக்கம் செய்ததாகத் தேவாலயப் பதிவேடு சொல்லும் தேதி 1698 பிப்ரவரி 9. மண்ணுக்குள் போய் ஒன்பது மாதம் கழித்து ஒரு பெண் எழுந்துவந்து கையெழுத்துப் போட்டாள் என்று நம்ப ரான்ஸ்பிக்காரர்களால் முடியும். என்னால் முடியாது. அன்றைய தேவாலயப் பொறுப்பாளர் ஜோசியாஸ் டன்னார்ட் அந்த வயலில் தன் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தார். வயல் வாரிசுகளிடம் போயிருந்தால் ஆடுகளுக்கு இடமில்லை. கூட்டிக் கழித்துப் பார்ப்பது என் தொழில்.

ஜோசியாஸின் வழிவந்த பெர்சி டன்னார்ட்தான் இன்று பொறுப்பாளர் என்பது என் குற்றமா? பதிவேடு இருக்கும் பெட்டியின் சாவியை 1978 அறுவடை விருந்தில் அவரிடம் கேட்டேன். முப்பது பேர் முன்னால் என்ன சொன்னார் தெரியுமா? தெரியும், நீங்களும்தான் சிரித்தீர்கள். "சாவியா? ஏன் வாத்தியாரே, இதென்ன உங்க பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் சாவியா, கைய நீட்டுனதும் குடுக்கறதுக்கு? 'தயவுசெஞ்சு'ன்னு ஒரு வார்த்த இருக்கு, உங்க பாடப் புத்தகத்துல அது வரலியோ?"

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. பாதிரியார் ஆப்தோர்ப் 1911இல் தட்டச்சில் எடுத்த பிரதி ஆல்டர்விக் நூலகத்தில் இருக்கிறது. எனக்கு அது போதும். யார் சாவியும் வேண்டாம்.

வயலை விற்கட்டும். எனக்கென்ன?

டி. வாட்லோ

•

ரான்ஸ்பி
15 ஜனவரி 1987

அன்புள்ள திரு. வாட்லோ,

இங்கே கதவு பாதி உயரத்துக்குப் பனி. பால்காரர் மூன்று நாளாக வரவில்லை. தபால்காரர் வந்துவிட்டார், உங்கள் கடிதத்தோடு. நல்லதைக் கொண்டுவர வழி இருக்காது, திட்டைக் கொண்டுவர வழி இருக்கும்.

நான் சிரித்தது உண்மைதான். அதற்காக வெட்கப்படுகிறேன். கோப்பையைத் தேடினேன். இருக்கிறது. கைப்பிடிக்குள் சிலந்தி.

அனுமதி இல்லை என்பதைக் குழுவிடம் சொல்லிவிட்டேன். தலைவர், "பாத்தீங்களா, ஆளு மாறவே இல்ல" என்றார். மற்றவர்கள் பிஸ்கட் சாப்பிட்டார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும். புத்தகத்துக்காக, குளிர்காலம் தொடங்கியதிலிருந்து ரான்ஸ்பிப் பதிவேட்டை அட்டைகளில் பெயர் பெயராக எடுத்துக்கொண்டிருக்கிறேன். பாதிரியார் பிரதியிலிருந்து இல்லை, மூலப் பதிவேட்டிலிருந்து. பெர்சி செவ்வாய்தோறும் பெட்டியைத் திறந்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து ஹூக்கா போல ஒரு குழாயைப் புகைத்துக்கொண்டு, நான் பக்கத்தைக் கிழிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருப்பார். மாவட்ட ஆவணக் காப்பகம் இரண்டு முறை பதிவேட்டைக் கேட்டும் அவர் கொடுக்கவில்லை.

அதில் 1698 டிசம்பருக்கு அடுத்து ஜனவரி 1698 என்று வருகிறது. டிசம்பருக்குப் பின்னால் அதே ஆண்டின் ஜனவரி எப்படி வரும்? நான் பதினான்கு வயதில் பள்ளியை விட்டவள். நீங்கள் படித்தவர். சொல்லுங்கள்.

எனிட் ஸ்கெல்டன்

•

மோர்கம்
20 ஜனவரி 1987

அன்புள்ள திருமதி ஸ்கெல்டன்,

ஒரு வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் இந்தக் கேள்வியைக் கேட்பது அந்தச் சங்கத்தின் நிலைமையைக் காட்டுகிறது.

1752 வரை இங்கிலாந்தில் ஆண்டு எண் மாறியது ஜனவரி முதல் நாள் அல்ல. மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாள் அன்று. ஆகவே 1698 டிசம்பர் முடிந்ததும் வருவது 1698 ஜனவரி, 1698 பிப்ரவரி. மார்ச் 25 வந்த பிறகுதான் 1699. இன்றைய கணக்கில் அந்த ஜனவரியை நாம் 1699 என்போம். குழப்பம் வராமலிருக்க நாங்கள் 1698/99 என்று இரண்டு எண்ணையும் எழுதுவது வழக்கம். முதலாண்டு மாணவர்களுக்கு நான் இதை முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிடுவேன். இதைத் தவறவிடுகிறவன் வரலாறு எழுதத் தகுதியில்லாதவன் என்றும் சொல்வேன்.

உங்கள் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குப் புரிகிறது. அது இங்கே பொருந்தாது. பாதிரியார் ஆப்தோர்ப் தன் முன்னுரையில், 'எல்லாத் தேதிகளும் இன்றைய கணக்குக்கு மாற்றப்பட்டுள்ளன' என்று தெளிவாக எழுதியிருக்கிறார். அவர் பிரதியில் 1698 பிப்ரவரி என்றால் அது இன்றைய கணக்கின் 1698 பிப்ரவரிதான். முதல் தொகுதியில் ஐம்பது பதிவுகளை வேறு ஆவணங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தேன். ஐம்பதும் சரி.

டி. வாட்லோ

பி.கு: மார்த்தா கில்பியின் பதிவு பிரதியின் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. மூலத்தில் அந்தப் பக்கம் எப்படி இருக்கிறது என்று, நேரம் கிடைத்தால், வரிசை மாறாமல் எழுதி அனுப்பவும். அவசரம் இல்லை.

பி.கு: இந்த வாரத்துக்குள் என்றால் நல்லது.

•

ரான்ஸ்பி
24 ஜனவரி 1987

அன்புள்ள திரு. வாட்லோ,

பக்கம் 31. மேலிருந்து கீழே, உள்ளபடி:

அக்டோபர் 2, 1698. டாமி ரைட், கைக்குழந்தை.
டிசம்பர் 19, 1698. எட்வர்ட் லம், கொல்லன்.
ஜனவரி 23, 1698. பெயர் தெரியாத வழிப்போக்கன்.
பிப்ரவரி 9, 1698. மார்த்தா கில்பி, விதவை. நிலம் உறைந்திருந்ததால் குழி வெட்ட இரண்டு நாள் ஆயிற்று.

அதற்குக் கீழே குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே '1699' என்று பெரிதாக. பிறகு ஏப்ரல்.

இந்த விதவையின் குழிக்கு இரண்டு நாள் பட்ட பாட்டை நான் நன்றாக நினைத்துப் பார்க்க முடியும். போன மார்ச்சில் வால்டருக்கு ஒரு நாள்தான் ஆயிற்று. நீங்கள் வரவில்லை. தகவல் வந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் தந்தியை நான்தான் கொடுத்தேன். அவர் போனதால் இந்த ஆண்டு ரொட்டிப் பட்டியலில் பத்தாவது பெயர் என்னுடையது. பட்டியலை எழுதுவதும் நான்தான். என் பெயரை நானே எழுதினேன்.

எனிட்

•

மோர்கம்
31 ஜனவரி 1987

அன்புள்ள எனிட்,

வால்டருக்காக வருந்துகிறேன். தந்தி வந்தது. பெட்டியைக்கூடக் கட்டினேன். பிறகு அங்கே டன்னார்ட் இருப்பார், தலைவர் இருப்பார், எல்லோரும் கைகுலுக்குவார்கள் என்று நினைத்து, பிரித்துவிட்டேன்.

பக்கத்தைப் பொறுத்தவரை: எழுத்தர்கள் தேதி எழுதுவதில் கவனமில்லாதவர்கள். துண்டுத் தாள்களில் குறித்துவைத்து, ஆண்டு முடிவில் வரிசை தவறிப் பதிவேட்டில் ஏற்றியிருக்கலாம். ஒரு பக்கத்தை வைத்து முடிவுக்கு வர முடியாது. 1697, 1700 பக்கங்களையும் பார்க்க வேண்டும். ஆப்தோர்ப் இரண்டாம் தொகுதியில் மட்டும் தேதிகளை மாற்றாமல் விட்டார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். காரணம் தெரியாமல் நான் எப்படி ஏற்பது? அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா?

இன்னொன்றும் கேட்கிறேன், நேராகவே. இந்தக் கேள்வியை எத்தனை நாளாகக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தீர்கள்?

டெஸ்மண்ட் வாட்லோ

•

ரான்ஸ்பி
4 பிப்ரவரி 1987

அன்புள்ள டெஸ்மண்ட்,

நவம்பரிலிருந்து.

பதினோரு வருடம் இந்தச் சங்கத்தின் செயலாளர் நான். மார்ச் 25 கணக்கு எனக்குத் தெரியாதா? உங்கள் பிரசங்கத்தைப் படித்துவிட்டு ஒரு கோப்பைத் தேநீர் குடித்தேன், ஆத்திரம் அடங்க.

காரணம் கேட்டீர்கள். இரண்டாம் தொகுதி தட்டச்சு ஆகும் முன்பே ஆப்தோர்ப் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். மிச்சத்தைத் தட்டியது அவர் மகள். அவளுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கண்ணில் பட்டதை அப்படியே தட்டியிருக்கிறாள். அவர் முன்னுரை முதல் தொகுதிக்கு எழுதியது. இது கல்லறைக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் கிழவர் லம்முக்குத் தெரியும். யாரிடமாவது கேட்டிருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

1697ஐயும் 1700ஐயும் பார்த்துவிட்டேன். எல்லாம் ஒரே மாதிரி. மார்த்தா கில்பி நவம்பரில் உயில் எழுதினாள். மூன்று மாதம் கழித்து, பனியில் செத்தாள். அவ்வளவுதான் கதை.

நான் படம் எடுத்து அனுப்பமாட்டேன். பெட்டி இங்கே இருக்கிறது, சாவி பெர்சியிடம் இருக்கிறது, மோர்கத்திலிருந்து ரயில் இருக்கிறது. கூட்டத்தில் நானே எழுந்து சொல்லிவிடலாம். பெர்சிக்கு இன்னும் எதுவும் தெரியாது. தெரிந்தால் மண்டபத்துக் கூரை மேல் ஏறி நின்று கூவுவார். ஆனால் நான் சொன்னால் அது உங்கள் மேல் நான் போடும் கல்லாக இருக்கும். நீங்கள் சொன்னால் அது வரலாறு. 27ஆம் தேதிவரை வாய் திறக்கமாட்டேன். அதற்குப் பிறகு திறப்பேன், வயல் எனக்குப் பெரிது.

அன்று கை தூக்கிவிட்டு வீட்டுக்கு வந்தோம். பூட்ஸைக் கழற்றும்போது வால்டர் சொன்னார்: "அவன் தப்பா எழுதுனானா சரியா எழுதுனானா, எனக்குத் தெரியாது எனிட். அந்தச் சாவியக் கேக்கறதுக்கு அவனுக்கு வாய் வரல பாரு, அதத்தான் என்னால ஜீரணிக்க முடியல."

எனிட்

•

ஆல்டர்விக், ரயில் நிலையத் தேநீர்க் கடை
17 பிப்ரவரி 1986/87

எனிட்,

இணைப்பில் இருப்பதை 27 அன்று கூட்டத்தில் படிக்கவும். ஒரு சொல்லையும் மெருகேற்ற வேண்டாம். புத்தகத்திலும் இதையே போடலாம். இதற்கு அனுமதி உண்டு.

'ரான்ஸ்பி கிராமத்தாருக்கு. 1979இல் நான் எழுதிய ஒரு பொய் உயில் என்ற கட்டுரை தவறானது. மார்த்தா கில்பி, தன் உயிலை எழுதி எண்பத்தேழு நாள் கழித்து அடக்கம் செய்யப்பட்டாள். பழைய ஆண்டுக் கணக்கை நான் கவனிக்கத் தவறினேன். மூலப் பதிவேட்டைப் பார்த்திருந்தால் இந்தத் தவறு நேர்ந்திருக்காது. நான் பார்க்கவில்லை. பார்க்காததற்கு வரலாற்றுக் காரணம் எதுவும் இல்லை. உயில் உண்மையானது. ஜோசியாஸ் டன்னார்ட் எதையும் புனையவில்லை. அவர் ஆடு மேய்த்தார், அது குற்றமல்ல. இன்று மூலத்தை என் கண்ணால் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். டெஸ்மண்ட் வாட்லோ.'

உங்கள் வீட்டு வழியாகத்தான் ரயிலுக்கு நடந்தேன். விளக்கு எரிந்தது. கதவைத் தட்டவில்லை. ஒரு நாளைக்கு ஒரு கதவு போதும்.

டெ.வா.

•

ரான்ஸ்பி
1 மார்ச் 1987

அன்புள்ள டெஸ்மண்ட்,

படித்தேன். 'வரலாற்றுக் காரணம் எதுவும் இல்லை' என்ற இடத்தில் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்திக்கொண்டார்கள். வாக்கெடுப்பு 38க்கு 31. வயல் தப்பித்தது. இன்னும் பத்து வருடத்தில் மறுபடி கிளப்புவார்கள். அப்போது வேறு ஏதாவது கட்டுரை அகப்படும்.

விற்க வேண்டும் என்று சொன்ன மூவரில் ஒருவர், கடைக்காரர் பாக்ஸ்டர், வெளியே வரும்போது, "அந்தாளு ஏழு வருசம் கழிச்சு வந்தா என் பக்கத்தக் கெடுக்கணும்?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்.

நீங்கள் சொல்லாததைப் பெர்சி சொல்லிவிட்டார். கேட்காதவர்கள் இல்லை, பப்பில் தினமும் ஒருமுறை நடிக்கிறார். உங்கள் குரலில்கூடப் பேசுகிறார். "கதவத் தொறந்தேன். வாத்தியாரு நிக்கிறாரு, தொப்பியக் கையில புடிச்சுக்கிட்டு. 'மிஸ்டர் டன்னார்ட், தயவுசெய்து சாவி வேண்டும்'ங்கிறாரு. 'எந்தச் சாவி? கோயில் சாவியா, பெட்டிச் சாவியா?'ன்னேன். 'இரண்டும்'னாரு. 'அப்ப ரெண்டு தடவ சொல்லணும்ல?'ன்னேன். கோவிச்சுக்கிட்டுப் போயிடுவாருன்னு பாத்தேன். சொல்லிட்டாருய்யா!"

இதுவரை எல்லோரிடமும் சொல்வது. எனக்கு மட்டும் அடுத்ததையும் சொன்னார். நீங்கள் பக்கம் 31ஐப் பார்த்தபடி கால் மணி நேரம் அசையாமல் நின்றீர்களாம். "நான் குழாயக்கூடப் பத்த வைக்கல எனிட். என்னமோ மாதிரி இருந்துச்சு." வாசலில் கை நீட்டியதாகவும் நீங்கள் அதைப் பார்க்காததுபோல் போய்விட்டதாகவும் சொன்னார். நிஜமாகவே பார்க்கவில்லையா?

தேதியில் இரண்டு எண் போட்டிருந்ததைப் பார்த்தேன். கூட்டத்தில் படிக்கவில்லை. அது எனக்கு எழுதியது.

எனிட்

•

மோர்கம்
30 மார்ச் 1987

அன்புள்ள எனிட்,

பொட்டலம் வந்தது. உள்ளே பழைய செய்தித்தாளில் சுற்றிய என் கோப்பை. கைப்பிடி முழுதாக இருக்கிறது. அதன்கூடவே அரை ரொட்டி, விளக்கம் எதுவும் இல்லாமல். விதவைகள் தவிர வேறு யாரும் அந்த ரொட்டியைத் தொடக்கூடாது என்று உயிலில் இல்லை; போன மாதம் படித்தபோது அதையும் கவனித்தேன். ஐந்து நாள் தபாலில் கிடந்ததில் கல்லாகியிருந்தது. தேநீரில் நனைத்துச் சாப்பிட்டேன். நல்ல ரொட்டி என்று சொல்ல மாட்டேன்.

பத்துப் பேர் வரிசையில் நீங்கள் எத்தனையாவதாக நின்றீர்கள் என்று எழுதவில்லையே. அடுத்த முறை எழுதுங்கள்.

பெர்சியின் கையைப் பார்த்தேன்.

1979இல் எனக்கு எதிராகக் கை தூக்கியவர்கள் ஏழு பேர். வால்டர் கணக்கைத் தீர்த்துவிட்டேன், உங்கள் கணக்கையும். மீதி ஐந்து பேரை மன்னிக்க இன்னும் எனக்கு உத்தேசமில்லை. பெர்சி டன்னார்ட் அந்த ஐவரில் ஒருவர் என்பதை அவரிடம் தெரிவிக்கவும். பக்கம் 40 முதல் 58 வரை நான் இன்னும் பார்க்க வேண்டியிருக்கிறது, மே மாதம் வருகிறேன், சாவி வேண்டும் என்பதையும்.

தயவுசெய்து.

டெஸ்மண்ட்